எடை குறைந்தது சரி, குறைந்தது எது? நடுவயதுக்குப் பின் தசைவலுவும் ஆயுளும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பலதுறை மருந்தகத்தில் பரிசோதனையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினால், வீட்டார் கேட்கும் கேள்விகள் நமக்குப் பழக்கமானவை. சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, கொழுப்பு ஏறியிருக்கிறதா, எடை கூடிவிட்டதா என்று வரிசையாகக் கேட்பார்கள். எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது என்றால் அனைவருக்கும் மகிழ்ச்சி. அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கேட்பவர் அரிது. கையின் பிடிவலு எத்தனை கிலோ என்று கேட்பவரோ அநேகமாக இல்லை. ஆனால் நடுவயதுக்குப் பின் ஒருவர் எவ்வளவு காலம், எந்த நிலையில் வாழ்வார் என்பதை முன்கூட்டியே உணர்த்தும் அடையாளங்களில் தசைவலு மிக முக்கியமானது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 2030ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராகவோ கடந்தவராகவோ இருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கும் நிலையில், இந்த அடையாளத்தைப் புரிந்துகொள்வது ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவைப்படுகிறது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். உடல் எடை என்பது எலும்பு, நீர், உள்ளுறுப்புகள், கொழுப்பு, தசை ஆகிய அனைத்தும் சேர்ந்த மொத்தப் பாரம். தசை அளவு என்பது அந்த மொத்தத்தில் தசைக்குரிய பங்கு. தசைவலு என்பது அந்தத் தசை ஒரு முயற்சியில் எவ்வளவு விசையை உண்டாக்க முடிகிறது என்பது. வீட்டிலுள்ள எடைப்பொறி முதலாவதை மட்டுமே சொல்லும். 35 வயதில் 68 கிலோ இருந்த ஒருவர் 60 வயதிலும் அதே 68 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை ஆண்டுகளில் எடை ஏறவே இல்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இடைப்பட்ட காலத்தில் நான்கைந்து கிலோ தசை கரைந்து, அதே அளவு கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றி, சேர்ந்திருக்கக்கூடும். எடைப்பொறி காட்டாத இந்த மாற்றத்தைக் காற்சட்டையின் இடுப்பளவு காட்டிக்கொடுத்துவிடும்; வேட்டி கட்டுபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

தசை ஏன் கரைகிறது

முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியபின் அந்த வேகம் கூடுகிறது. சோம்பல் இதற்கு ஒரு காரணம்தான் என்றாலும் அது மட்டுமே காரணமன்று. தசையை இயக்கும் நரம்பணுக்கள் முதுகுத்தண்டில் இருக்கின்றன. ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு கொத்துத் தசைநார்களை ஆள்கிறது. வயது ஏற ஏற இந்த நரம்பணுக்களில் சில மடிகின்றன. அவை ஆண்ட தசைநார்கள் ஆதரவற்றுப்போகின்றன. அவற்றுள் சிலவற்றைப் பக்கத்து நரம்பணு தத்தெடுத்துக்கொள்ளும், எஞ்சியவை நலிந்து மறையும். இதில் அதிகம் பாதிக்கப்படுபவை வேகமாகச் சுருங்கும் வகையைச் சேர்ந்த நார்கள். நிதானமாக நடப்பதற்கும் நெடுநேரம் நிற்பதற்கும் மெதுவகை நார்கள் போதும். ஆனால் ஈரத் தரையில் கால் வழுக்கும் அந்த நொடியில் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை வேகவகை நார்களே. நாள்தோறும் ஒரு மணி நேரம் பூங்காவில் நடக்கும் பெரியவர், குளியலறையில் தடுமாறும்போது தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் விழுந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூடவே, உண்ணும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் வயதோடு மந்தமாகிறது. இளைஞருக்குச் சிறிதளவு புரதமே தசை வளரச் சைகை கொடுத்துவிடும். முதியவருக்கு அதே சைகை கிடைக்கக் கூடுதல் புரதம் வேண்டியிருக்கிறது. தசைநார்களின் இடையே கொழுப்பு ஊடுருவுவதும் நிகழ்கிறது. வெளியே பார்க்க அதே பருமனுள்ள தொடையாக இருக்கும், உள்ளே வேலை செய்யும் பகுதி குறைந்திருக்கும்.

இவை அனைத்தும் சேர்வதால், தசை குறைவதைவிட வலு வேகமாகக் குறைகிறது. அமெரிக்காவில் 70 முதல் 79 வயது வரையிலானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, மூன்றாண்டு இடைவெளியில் அவர்களின் கால் வலு குறைந்த வேகம், கால் தசை குறைந்த வேகத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு என்று 2006ஆம் ஆண்டில் தெரிவித்தது. தசையைக் காப்பாற்றிக்கொண்டவர்களும், ஏன், சற்றுக் கூட்டிக்கொண்டவர்களும்கூட வலுவை இழந்திருந்தார்கள். அளவும் வலுவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த நலிவுக்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். தசை என்றும் குறைவு என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1980களின் இறுதியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சூட்டிய பெயர் அது. அதற்குமுன் இது முதுமையின் இயல்பாகவே கருதப்பட்டு, பெயர்கூட இல்லாமல் இருந்தது. 2016ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தசையின் அளவையே முதன்மையாகக் கொண்டார்கள். 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய வல்லுநர் குழு தன் வரையறையைத் திருத்தி, வலுக் குறைவையே முதல் அடையாளமாக்கியது. இந்தத் திருத்தத்திற்குப் பின்னணியில் இருப்பவைதான் ஆயுளைப் பற்றிய ஆய்வுகள்.

பிடிவலுவும் ஆயுளும்

அவற்றுள் பெரியவற்றில் ஒன்று 2015ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இந்தியா, மலேசியா உள்ளிட்ட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையிலான ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடிவலுவை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிடிவலு என்பது கைப்பிடி போன்ற ஒரு கருவியை முழு முயற்சியோடு அழுத்தும்போது அது காட்டும் கிலோ அளவு. அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிடிவலு 5 கிலோ குறைவாக இருந்த ஒவ்வொரு படிக்கும், எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதயநோயால் இறப்பதை முன்னறிவிப்பதிலும் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடப் பிடிவலு வலிமையான அடையாளமாக இருந்தது. ரத்த அழுத்தக் கருவி இல்லாத மருந்தகத்தை நாம் கற்பனைகூடச் செய்ய முடியாது. பிடிவலுக் கருவியை வாழ்நாளில் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விந்தையாகவே இருக்கிறது.

முன்பு குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வு இன்னொரு செய்தியையும் சொன்னது. வலுக் குறைந்தவர்கள் விரைவில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அங்கும் தெரிந்தது. ஆனால் அவர்களின் தசை அளவைக் கணக்கில் சேர்த்தபோதும் அந்தத் தொடர்பு பெரிதாக மாறவில்லை. தசை அளவு மட்டும் தனித்து நின்று ஆயுளைச் சொல்லவும் இல்லை. எளிமையாகச் சொன்னால், தசை எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது என்ன செய்ய முடிகிறது என்பதே ஆயுளோடு நெருங்கிய உறவுடையது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். ரப்பர் பந்து ஒன்றை வாங்கித் தொலைக்காட்சி பார்க்கும்போதெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தால் ஆயுள் கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. பிடிவலு உடல் முழுவதிலும் உள்ள வலுவுக்கும் பொதுவான உடல்நிலைக்கும் ஒரு மாதிரி. ஒரு பருக்கையை நசுக்கிப் பானைச் சோற்றின் பதம் பார்ப்பதுபோல, கையைப் பார்த்து உடலைக் கணிக்கிறார்கள். அந்தப் பருக்கையை மட்டும் வேக வைப்பதால் சோறு வெந்துவிடாது. மேலும், மறைந்திருக்கும் நோயே ஒருவரின் வலுவைக் குறைத்து, பிறகு ஆயுளையும் குறைக்கக்கூடும். ஆகவே, வலுக் குறைவையும் ஆயுள் குறைவையும் இணைக்கும் எண்கள் முழுவதையும் வலுவின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. ஆய்வாளர்கள் புகைபிடித்தல், வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தே எண்களைச் சொல்கிறார்கள் என்றாலும், கூர்ந்து கவனிப்பதால் கிடைக்கும் சான்றும் சோதனை செய்து கிடைக்கும் சான்றும் ஒரே தரமானவை அல்ல.

அதே சமயம், வலு ஆயுளுக்கு உதவுவதற்கான உடலியல் காரணங்களும் தெளிவாகவே இருக்கின்றன. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலின் தூண்டுதலால் உறிஞ்சிக்கொள்வது தசை. தசை சுருங்கினால் சர்க்கரைக்குப் போக்கிடம் சுருங்குகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியோரின் ஆயுளைக் கணிசமாகக் குறைக்கும் விபத்து. அதைத் தடுப்பது கால் வலு. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. நோயுற்றுப் படுக்கும்போது உடல் தன் தசையிலிருந்தே புரதத்தை எடுத்துச் செலவிடுகிறது. அமெரிக்காவில் சராசரியாக 67 வயதுள்ள 12 ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களின் கால்களில் இருந்த கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்துபோனது. முழங்காலை நீட்டும் வலுவும் 15 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. நோயே இல்லாதவர்களுக்குப் பத்து நாளில் இந்தக் கதி என்றால், நிமோனியாவோடு மருத்துவமனையில் இரண்டு வாரம் படுத்தவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். சேமிப்பு நிறைய வைத்திருந்தவர் அந்தச் செலவுக்குப் பின்னும் எழுந்து நடப்பார்; கையிருப்புக் குறைவாக இருந்தவர், நோய் குணமான பின்னும் சக்கர நாற்காலியிலேயே வீடு திரும்ப நேரலாம்.

எடையின் இடம்

அப்படியென்றால் எடையைக் கவனிக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். உயரத்தையும் எடையையும் இணைத்துக் கணக்கிடும் உடல் எடைக் குறியீட்டில், உலகின் பல இடங்களில் 25 முதல் எடை அதிகம் என்பது வழக்கம். ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவும் இதயநோயும் தொடங்குவதைக் கண்ட உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 2004ஆம் ஆண்டில் 23, 27.5 ஆகிய எண்களைக் கவனத்திற்குரியவையாகப் பரிந்துரைத்தது. சிங்கப்பூர் அவற்றைப் பின்பற்றுகிறது. நம் சமூகத்திற்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே குறியீட்டு எண்ணில் மற்றவர்களைவிட இந்தியர்களின் உடலில் கொழுப்பு விழுக்காடு அதிகமாக இருந்தது. அதாவது, பார்வைக்கு ஒல்லியாகவும் எண்ணில் சரியாகவும் இருக்கும் தமிழர் ஒருவரிடம் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்க வாய்ப்பு கூடுதல். கைகால்கள் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய அந்த உருவத்தை நாம் குடும்பப் புகைப்படங்களில் நிறையவே பார்த்திருக்கிறோம். ஆசிய ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லை எனக் கொள்ளப்படுகிறது. எடைக் குறியீட்டோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வயது ஏறும்போது எடையின் பொருள் மாறுகிறது. நடுவயதில் எடை கூடுவது நோய்க்கு அழைப்பு. எழுபது, எண்பது வயதினரை ஆராய்ந்தால், இறப்பு குறைவாக இருப்பது மெலிந்தவர்களிடம் அல்ல, சற்றே எடை உள்ளவர்களிடம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை வைத்து முதுமையில் பருமன் நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம். புற்றுநோய், நுரையீரல் நோய், மறதிநோய் போன்றவை கண்டறியப்படுமுன்பே எடையைக் குறைக்கத் தொடங்குகின்றன. ஆகவே, மெலிந்த முதியோர் கூட்டத்தில் நோயாளிகள் கலந்திருப்பது அந்த எண்களின் பின்னணியில் ஓரளவு இருக்கிறது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் வேறு. முயற்சி எதுவும் செய்யாமலேயே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்துவிட்டால், அதாவது 60 கிலோ உள்ளவர் 57 கிலோவாகிவிட்டால், அதைப் பாராட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சட்டை தொளதொளத்துப்போன பெரியவரைப் பார்த்து, நன்றாக இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்று திருமண வீட்டில் சொல்வது நம் வழக்கம். அந்தப் பாராட்டை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போது நாக்கைக் கட்டுப்படுத்திக்கொள்கிறேன்.

மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அதையும் எப்படிக் குறைப்பது என்பது முக்கியம். உணவை மட்டும் குறைத்து இளைப்பவர்கள் இழக்கும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பற்ற திசுவாக, அதாவது தசை உள்ளிட்டதாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. சில மாதங்களில் பழைய உணவுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். ஆனால் வயதானவர்களுக்குத் திரும்பி வருவதில் கொழுப்பே மிகுதி. இப்படி இரண்டு, மூன்று முறை ஏறி இறங்கியவர், தொடக்கத்தில் இருந்த அதே எடைக்கு வந்து நிற்கும்போது, தசையில் முன்னைவிட ஏழையாகிவிடுகிறார்.

இதைப் பற்றி 2017ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான சோதனை ஒன்று நன்றாக விளக்குகிறது. 65 வயதைக் கடந்த, உடல் பருமனுள்ள 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எந்தத் திட்டமும் இல்லை. மற்ற மூன்று குழுக்களும் உணவுக் கட்டுப்பாட்டோடு ஆறு மாதம் பயிற்சி செய்தன. ஒன்று நடை, மிதிவண்டி போன்ற மூச்சுப் பயிற்சியும், மற்றொன்று எடைதூக்கும் பயிற்சியும், மூன்றாவது இரண்டையும் செய்தன. மூன்று குழுக்களிலும் எடை ஒன்றுபோல் 9 விழுக்காடு குறைந்தது. எடைப்பொறியை மட்டும் நம்பியிருந்தால் மூன்றும் ஒன்றே என்று சொல்லியிருப்போம். ஆனால் கொழுப்பற்ற திசுவின் இழப்பு மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் 5 விழுக்காடாகவும், எடைதூக்கியவர்களிடம் 2 விழுக்காடாகவும், இரண்டையும் செய்தவர்களிடம் 3 விழுக்காடாகவும் இருந்தது. அன்றாடச் செயல்திறன் மிக அதிகமாக முன்னேறியது இரண்டையும் செய்தவர்களிடம்தான். எடைகுறைப்பு ஊசிகள் பரவலாகிவரும் இக்காலத்தில் இந்தச் சோதனை இன்னும் பொருத்தமாகிறது. பசியை அடக்கி வேகமாக இளைக்க வைக்கும் மருந்தும் தசையைத் தனியே பிரித்துக் காப்பாற்றித் தருவதில்லை.

வீட்டிலேயே அளந்து பார்க்க

ஆசிய வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டில் வகுத்த எல்லைகள் நமக்குப் பயன்படும். பிடிவலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் குறைவு. கருவி இல்லாதவர்கள் நாற்காலிச் சோதனையைச் செய்யலாம். கை வைக்காத, நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்கார வேண்டும். அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 34 செண்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 செண்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பதும் ஓர் அடையாளம். நடை வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போவது மற்றொன்று. இவை முடிவான நோயறிதல் அல்ல. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குவதற்கான காரணங்கள்.

விநாடிக்கு ஒரு மீட்டர் என்பதைச் சாலையைக் கடக்கும்போது உணரலாம். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும் வசதி 2009ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் இருக்கிறது. பயனுள்ள ஏற்பாடு. முன்பு அட்டை இல்லாமல் கடந்த அதே சாலையில் இப்போது அட்டை தேவைப்படுகிறது என்று ஒருவர் உணர்ந்தால், அதை ஓர் அளவீடாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு மிகவும் பழக்கமான ஒரு செயலையும் ஆய்வாளர்கள் சோதனையாக்கியிருக்கிறார்கள். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். பத்து மதிப்பெண்ணில் தொடங்கி, கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண்ணும், தள்ளாடினால் அரை மதிப்பெண்ணும் கழித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் இறந்த விகிதம், எட்டோ அதற்கு மேலோ பெற்றவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இலையை மடித்துவிட்டு எழுவது நம் முன்னோருக்கு அன்றாடச் செயல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் சோபாவும் உணவு மேசையும் வந்தபின், நம்மில் பலர் தரையில் உட்கார்வது கோயிலில் மட்டுமே. அங்கும் தூணோரம் இடம் தேடுகிறோம், எழும்போது பிடித்துக்கொள்ள. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தனியே செய்து பார்க்க வேண்டாம். நாற்காலிச் சோதனையே போதும்.

வலுவைத் திரும்பப் பெறுதல்

வயதாகிவிட்டது, இனி என்ன பயிற்சி என்ற எண்ணத்தை 1990ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு உடைத்துவிட்டது. பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கான கடின எடைப் பயிற்சி அளித்தார். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது, அதாவது இரண்டரை மடங்குக்கு மேலாகியது. அவர்களின் தொடைத் தசையின் பருமன் கூடியதோ 9 விழுக்காடுதான். நரம்புகள் தசையை முன்னைவிட நன்றாக இயக்கக் கற்றுக்கொண்டதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். வலு அளவைவிட வேகமாகச் சரிகிறது என்று முன்பு பார்த்தோம். அது வேகமாக ஏறவும் செய்கிறது.

நடைப்பயிற்சி இதயத்திற்கும் மனத்திற்கும் நல்லது, ஆனால் தசைக்கு அது போதாது. தசை வலுப்பெற வேண்டுமானால் பழக்கமில்லாத சுமை அதன்மீது விழ வேண்டும்; அந்தச் சுமை பழகியபின் சற்றுக் கூட்டவும் வேண்டும். பத்து முறை செய்யும் பயிற்சியில் கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் சுமை சரியானது. பத்தும் எளிதாக முடிந்தால் அது வெறும் அசைவு. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, மின்தூக்கிக்குப் பதில் இரண்டு மாடிகள் ஏறுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுவது என்று செலவில்லாமலேயே தொடங்கலாம். சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டியும் உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன. இதற்கு நெடுநேரம் தேவையில்லை. 16 ஆய்வுகளைத் திரட்டி 2022ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, தசைப் பயிற்சி செய்பவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 10 முதல் 17 விழுக்காடு வரை குறைவாக இருந்ததையும், வாரத்திற்கு 30 முதல் 60 நிமிடத்திலேயே பெரும்பயன் கிடைத்துவிட்டதையும் குறிப்பிட்டது.

கருவிகளோடு செய்ய விரும்புவோருக்கு வட்டாரத்து ஏக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடங்கள் உள்ளன. லீன் அறநிறுவனம் தொடங்கிய ஜிம் டானிக் திட்டத்தில், முதியோருக்கென வடிவமைக்கப்பட்ட, காற்றழுத்தத்தால் இயங்கும் பின்லாந்துக் கருவிகளைப் பயிற்றுநரின் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். இரும்புத் தட்டுகளைத் தூக்கிப் போடும் ஓசையும் அச்சமும் அங்கு இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதயநோய், நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும். யாராயினும், சுமையைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

பயிற்சி கட்டளையிடும், கட்டுவதற்குப் பொருள் வேண்டும். முதியவர்களுக்கு நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது வல்லுநர்களின் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். நம் சமையலில் இதை எட்டுவது நினைப்பதைவிடக் கடினம். மூன்று இட்லியில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கும். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும் ஒரு கூட்டும், இரவில் இரண்டு தோசை என்று உண்ணும் சைவ உணவுக்காரர் 40 கிராமைத் தாண்டுவதே அரிது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம், புளிக்கவைத்த சோயாவான தெம்பேயில் நூறு கிராமுக்கு 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. தெம்பேயும், தாவ்குவா எனும் கெட்டியான சோயாக்கட்டியும் ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைத்தும், நம் வீடுகளில் அவை இன்னும் விருந்தாளிகளாகவே இருக்கின்றன. புளிக்குழம்பில் கத்தரிக்காய்க்குப் பதில் தாவ்குவாவைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரியும். அசைவம் உண்ணும் வீடுகளில் சிக்கல் வேறு விதமானது. மீன் இருக்கும், ஆனால் பாட்டி தன் பங்குத் துண்டைப் பேரனின் தட்டுக்கு மாற்றிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். அந்தத் துண்டு யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால், இருவரில் பாட்டிக்குத்தான்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நீண்ட காலம் நீரிழிவோடு வாழ்பவர்களிடம் அது மிகப் பரவலாக இருப்பதால், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கடைசிப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருந்தது என்பதை மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். அதே சந்திப்பில், சென்ற ஆண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை விநாடி ஆனது, இந்த ஆண்டு எத்தனை ஆகிறது என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், எடையைப் பற்றிய பேச்சு தானாகவே வேறு திசைக்குப் போகும்.